பேர் கொடுக்காமல் போனவர்

1943-ஆம் வருஷம், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. லஸ் முனையில் ஒரு மோட்டார் கார் தப்பான பக்கம் திரும்பி, மெஹபூப் அலியின் ஜட்கா குதிரைவண்டியை இடித்துச் சாய்த்தது. அவன் கால் சக்கரத்தின் அடியில் மாட்டிக்கொண்டது. டிராமுக்காக நின்றிருந்த ஸ்தனிஸ்லாஸ் எல்லாவற்றையும் பார்த்தார். அவரும் இன்னும் நாலு பேருமாக வண்டியைத் தூக்கி அவனை வெளியே இழுத்தார்கள்.

அதற்குள் கான்ஸ்டபிள் கபாலி ஓடிவந்து லத்தியைக் குறுக்கே நீட்டினார்.

"யாரும் நவுரக் கூடாது! அல்லாரும் டேசனுக்கு வந்து எழுதி குட்த்துட்டுதான் போவணும். யோவ், உன்னியும்தான்!"

அந்த 'யோவ்'தான் ஸ்தனிஸ்லாஸுக்குச் சுருக்கென்றது. சாந்தோமில் நாலு பேர் மதிக்கிற மனிதர். இருபது வருஷமாக வக்கீல் குமாஸ்தா.

"எழுத்திலே உத்தரவு இல்லாமல் சாட்சியை அழைக்க முடியாது. எங்களை நிறுத்தி வைக்க உமக்கு அதிகாரம் கிடையாது. தெரியுமா?"

கபாலியின் லத்தி தாழ்ந்தது. "ஐயா சொல்றது ரைட்டு" என்றான் ஒருவன். இரண்டு நிமிஷத்தில் முனை காலியாகிவிட்டது. ஸ்தனிஸ்லாஸும் டிராம் ஏறினார். போகிற வழியெல்லாம் தன் பேச்சை நினைத்து மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து, கட்சிக்காரர் ஒருவரின் வேலையாக மாஜிஸ்திரேட் கோர்ட்டில் உட்கார்ந்திருந்தபோது கூண்டில் மெஹபூப் அலியைக் கண்டார். அக்குளில் ஊன்றுகோல். ஜட்காதான் குறுக்கே பாய்ந்தது என்று கார் டிரைவர் கூசாமல் சொன்னான்.

"வேறு யாரும் பார்க்கவில்லையா?" என்றார் மாஜிஸ்திரேட்.

கபாலியின் பார்வை ஸ்தனிஸ்லாஸ் மேல் ஒரு கணம் நின்று விலகியது. "கூட்டம் கலைஞ்சிட்ச்சி எசமான். யாரும் பேர் குடுக்கல."

எழுந்து சொல்லிவிட ஸ்தனிஸ்லாஸுக்கு வாய் துடித்தது. அன்றைக்கு ஏன் போனீர் என்று கேட்பார்களே என்ற நினைப்பில் உடம்பு பெஞ்சை விட்டு எழவில்லை. மெஹபூப் அலியின் லைசென்ஸ் ரத்தாயிற்று. அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வராந்தாவில் கபாலியைப் பிடித்தார். "என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாமே, ஐயா?"

"நீங்க சொன்னது சட்டம்தான் சார். அப்பால விசாரிச்சேன். நிறுத்தி வைக்க எனக்கு ரைட்டு இல்லே." கபாலி தலைப்பாகையைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "அன்னிக்கு அதட்டாம, தயவா கேட்டிருந்தா நின்னிருப்பீங்களா?"

ஸ்தனிஸ்லாஸ் யோசித்துப் பார்த்தார். நின்றிருப்பேன் என்று சொல்ல நா எழவில்லை.

அன்று சாயங்காலமே தன் வக்கீலின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி அப்பீல் போட வைத்தார். கண்டதைக் கண்டபடி எழுதித் தானே கையெழுத்திட்டார். தீர்ப்பு மாறி லைசென்ஸ் திரும்பி வர அடுத்த ஆவணி ஆகிவிட்டது. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவரே மெஹபூப் அலி வீட்டுக்குப் போனார்.

அவன் மரியாதையாக வாங்கினான்; படிக்கத் தெரியாமல் புரட்டிப் பார்த்தான்.

"ரொம்ப சந்தோசம் சாப். குதிரையைத்தான் பங்குனியிலேயே வித்துட்டேன்."