தலைமாட்டுக் கயிறு

ஒரு காலில் ரப்பர் பூட்சும் இன்னொரு காலில் வீட்டுச் செருப்புமாக உனா சர்ச்சுச் சாலையில் ஓடினாள். கையில் பேனா. ஆராதனையில் முதல் சங்கீதம் தொடங்கிவிட்டால் மர்டோவை இரண்டு மணி நேரத்துக்கு அசைக்க முடியாது. அப்பாவிடம் அவ்வளவு நேரம் இருக்கிறதா என்று நர்ஸ் பெரிலைக் கேட்டதற்கு, அவள் அவர் தலையணையைச் சரிசெய்திருந்தாள்.

கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி மர்டோ சர்ச்சு வாசல் கம்பியருகே நின்றார்.

"மர்டோ! வாங்க, சீக்கிரம். அப்பாவுக்கு நெனவு வந்துடுச்சு. கையெழுத்துப் போட்டுட்டாரு!"

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம் அப்புறம் சொல்லலாம். நர்ஸ் ஒரு சாட்சி. இன்னொரு சாட்சி நீங்க."

மர்டோ பேனாவைப் பார்த்தார். பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமை, பொண்ணே. ஓய்வுநாள்."

உனாவுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பத்தொன்பது வருஷம்! மலையும் கரையும், குடியானவர்களின் வீட்டுக்கு அடியில் இருக்கிற மண்ணும் உட்பட அந்தத் தீவு முழுக்க அவள் அப்பா டார்க்விலுடையது. நாளைக்கு எவனாவது மான் வேட்டைப் பணக்காரன் வாங்கினால் எங்களைத் துரத்திவிடுவான், நிலத்தை அரசாங்கத்துக்குக் கொடுத்துவிடுங்கள் என்று பத்தொன்பது வருஷமாகக் குடியானவர்கள் சார்பில் மனு எழுதியவர் இந்த மர்டோதான். அப்பா ஒருவழியாக மனம் இளகி, சும்மாவே கொடுக்கிறேன் என்றார். பத்திரமோ பனிமூட்டத்தில் நான்கு நாள் படகிலேயே கிடந்து, சனிக்கிழமை பொழுது சாயும்போது வந்து சேர்ந்தது. அப்போது அவருக்கு நினைவில்லை. உயிர் இருக்கும்போதே இரண்டு சாட்சி வேண்டும், மகள் போடக்கூடாது என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"நாளைக்கு வரைக்கும் தாங்க மாட்டாரு, மர்டோ."

"அது ஆண்டவர் சித்தம்."

"உங்க ஆடு இன்னிக்குப் பள்ளத்துல விழுந்தா தூக்குவீங்களா, மாட்டீங்களா?"

"தூக்குவேன். அது இரக்கம். பத்திரம் உலக காரியம்."

"அப்போ எங்கப்பா பள்ளத்துல விழட்டும், அப்பத்தான் வருவீங்க!"

உள்ளே போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். உனா பேனாவை ஒவ்வொருவரிடமும் நீட்டினாள். தபால்காரர் தொப்பியைக் கழற்றித் தரையைப் பார்த்தார். கடைக்காரர் மனைவி, "மர்டோ போடாம நாங்க எப்படிம்மா?" என்று முனகினாள். நிலம் அரசாங்கத்துக்குப் போக வேண்டும், ஆனால் திங்கட்கிழமைதான் போக வேண்டும். கல்லில் நார் உரிக்கலாம், இவர்களோடு மாரடிக்க முடியாது.

அவள் திரும்பி வந்து சொன்னபோது அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது.

"வரமாட்டேன்னுட்டானா?"

"சிரிக்காதீங்கப்பா. எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"அவன் வந்திருந்தாத்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். அம்பது வருஷமா பாக்கறேன், வேலி தகராறுல கூட ஞாயித்துக்கெழமை என்னைத் திட்ட மாட்டான். சேத்து வெச்சுத் திங்கக்கெழமை திட்டுவான்."

பகல் ஒன்றரைக்கு மர்டோ தானாகவே வந்தார். ஈரக் கோட்டோடு கட்டிலருகே உட்கார்ந்தார். பத்திரம் மேசையில் விரித்தபடி இருந்தது. உனா வேண்டுமென்றே பேனாவை அதன்மேல் வைத்து, அவர் பக்கம் தள்ளினாள்.

"என்னப்பா மர்டோ," என்றார் அப்பா, "நான் செத்தா இந்தப் பாறையெல்லாம் இவ தலையில விழும். பரவால்லியா?"

"நீங்க நாளைக் காலைல வரைக்கும் இருங்க. விடிஞ்சதும் போடறேன்."

"ஏன்யா, குத்தகை வாங்கறது நான். எனக்கே கெடு வெக்கிறியா?"

மர்டோவின் உதடு துடித்தது. சிரிப்பா, வேறொன்றா என்று உனாவுக்குத் தெரியவில்லை. அவர் வேதப்புத்தகத்தைத் திறந்து மெதுவாக வாசித்தார். அப்பா கண்ணை மூடிக் கேட்டார். நடுவில் ஒருமுறை, "அந்த வரிய விட்டுட்ட," என்று திருத்தினார். மர்டோ பின்னால் போய் அதை வாசித்தார்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அப்பாவின் மூச்சு நின்றது. பெரில் நாடி பார்த்துத் தலையசைத்தாள். மர்டோ எழுந்து இரண்டு விரலால் அவர் இமைகளை மூடினார். அது இரக்கம் போலிருக்கிறது.

உனா பத்திரத்தை எடுத்துக் கசக்கினாள்.

"போதுமா? உங்க ஓய்வுநாள் கெடலையே? இப்ப நான்தான் உங்க நிலக்காரி! லண்டன்ல இருந்து ஒருத்தன் மான் சுடறதுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கான். நாளைக்கே அவனுக்கு எழுதிக் குடுத்துட்டுப் படகேறிப் போறேன். அப்பத் தெரியும்!"

"குடுக்கலாம்," என்றார் மர்டோ. "உன் உரிமை." கணப்பில் தீ அணைந்துகொண்டிருந்தது. குனிந்து ஒரு கரிக்கட்டியைப் போட்டுவிட்டு வெளியே போனார்.

புதன்கிழமை மழை. சவப்பெட்டியை எட்டுப் பேர் சுமக்க, நூறடிக்கு ஒருமுறை ஆள் மாறினார்கள். ஞாயிற்றுக்கிழமை பேனாவைத் தொடாத தோள்கள் அத்தனையும் மாறி மாறி வந்தன. மூன்று மைல். ஒருவரும் பெட்டியைத் தரையில் வைக்கவில்லை. உனா பின்னால் நடந்தாள். கல்லறைத் தோட்ட வாசலோடு பெண்கள் நிற்பது அங்கே வழக்கம். அவளும் நின்றாள்.

மர்டோ திரும்பி அவளிடம் வந்தார்.

"படகுத்துறையில ரெண்டு பலகை உடைஞ்சிருக்கு. அது நிலக்காரங்க பொறுப்பு."

"அப்பாவ இன்னும் குழியில கூட எறக்கல, மர்டோ!"

"அதான் ஞாபகம் இருக்கறப்பவே சொல்றேன்."

மழைத் தண்ணீர் அவர் மூக்கு நுனியில் சொட்டியது. அவள் அவரையே பார்த்தாள்.

"என் பேருக்கு மாறி வர ஆறு மாசம் ஆகும்னு வக்கீல் சொல்றாரு," என்றாள். "அதுக்கப்புறம் அரசாங்கத்துக்குப் புதுப் பத்திரம். எந்தக் கிழமைன்னு இப்பவே சொல்லித் தொலைங்க."

"செவ்வாய். புதன்கிழமைன்னா ஆடுங்களைக் கொட்டிலுக்கு ஓட்டணும்."

"செவ்வாய் காலையில வந்துடணும்."

"விடிஞ்சதும் வந்துடறேன்." அவர் உள்பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்துக் கொடுத்தார். பெட்டியை இறக்க எட்டுக் கயிறு. யாருக்கு எந்தக் கயிறு என்று அட்டையில் எழுதிக் கொடுப்பார்கள். அதில் ஒன்று என்ற எண். அடியில் அவள் முழுப் பெயர், பள்ளிக்கூடப் பையன் எழுதியதுபோல் குண்டு குண்டாக.

"பொம்பளைங்க கயிறு புடிக்கறதில்லையே."

"தலைமாட்டுக் கயிறு வாரிசோடது," என்றார் மர்டோ. "வா. எல்லாரும் நனையறாங்க."

அவள் உள்ளே போனாள். தபால்காரர் ஒதுங்கி இடம் விட்டார். அட்டையை உள்ளங்கையில் வைத்தபடியே கயிற்றைப் பிடித்தாள். கால்மாட்டில் மர்டோ நின்று, "மெதுவா... இன்னும் கொஞ்சம்..." என்றார். பெட்டி அடியைத் தொட்டதும் கயிறு இலேசாயிற்று.

கையை விரித்தபோது அட்டை நனைந்து கூழாகியிருந்தது. மர்டோவின் எழுத்து கரைந்து, உள்ளங்கை முழுக்க நீல மை. உனா கோட்டுப் பையில் கைக்குட்டையைத் தேடினாள். பிறகு கையை அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டாள்.