தில்லைநாயகத்தின் ஒப்பீட்டுப் பட்டியல்

தொண்ணூற்றொன்பதாம் வருஷ நவராத்திரிக்கு அமெரிக்காவிலிருந்து பாளையங்கோட்டை வந்த அனுராதா, சின்னதாக ஒன்று, தோல் உறை போட்டுப் பெரிதாக ஒன்று என மின்புத்தகக் கருவிகள் இரண்டைக் கொண்டுவந்தாள். ஒன்று அம்மாவுக்கு. மற்றதைக் கறை படாமல் கொண்டுபோனால் கடையில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். எது வேண்டும் என்று அம்மா சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அம்மா பிரம்மநாயகி முப்பது வருஷம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவள். நாவல் இல்லாமல் சோறு இறங்காது. கண் மங்கி இரண்டு வருஷமாக அச்செழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. சின்னக் கருவியில் பத்து நாவல் ஏற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, வெளிச்சம் போட்டு மகள் அவள் கையில் கொடுத்தபோது ஒரு பக்கத்தைத் தடங்கலில்லாமல் படித்தாள். அழுகையே வந்துவிட்டது.

ஆனால் அப்பா தில்லைநாயகம் தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவராயிற்றே. இரண்டு பொருள் வந்தால் ஒப்பீட்டுப் பட்டியல் போடாமல் அவருக்குத் தூக்கம் வருமா? முழுத்தாளில் கோடு கிழித்தார். எடை, நீளம், அகலம், தோற்றம், இதர விவரம். படிக்கப்போகிறவளின் கண்ணுக்கு அதில் கட்டம் இல்லை. ஆலோசனைக்கு எதிர்வீட்டு அம்மையப்பன் வந்தார். அவர் கடைசியாகப் படித்தது தன் மகன் கல்யாணப் பத்திரிகை.

"தோல் உறை போட்டதுதாம்வே கம்பீரம். அலமாரியில வச்சா வாரவன் பூரா என்னன்னு கேப்பான். சின்னது, பிள்ளைய விளையாடுத சாமான் கணக்கா இருக்கு."

"மாமா, அதுல எழுத்து சின்னது. புஸ்தகம் வேணும்னா போன் வயரைச் சொருகி அமெரிக்காவுக்குல்லா கூப்பிடணும்" என்றாள் அனுராதா.

"அமெரிக்காவுக்கே பேசுமாம்! பாத்தீரா அண்ணாச்சி?" என்று தில்லைநாயகம் அதற்கும் ஒரு மதிப்பெண் போட்டார்.

தோல் உறை வென்றது. கைபட்டு அழுக்காகிவிடுமாம், பெட்டியோடு பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார். படிக்கிற பொருளைப் பூட்டி வைக்கும் புத்தி ஆபீஸ் நாற்காலியில் முப்பது வருஷம் உட்கார்ந்தால்தான் வரும்போல.

சரஸ்வதி பூஜையன்று அவர் பூ வாங்கப் போயிருந்த நேரம். பிரம்மநாயகி புத்தகங்களை அடுக்கி உச்சியில் சின்னக் கருவியை வைத்தாள். சந்தனத்தை நீர்க்கக் குழைத்து அதன் முதுகில் தாராளமாகத் தடவினாள். நடுவில் குங்குமம். இடுக்கிலெல்லாம் இறங்கிப் பிடித்துக்கொண்டது. திரையில் மட்டும் ஒரு துளி படவிடவில்லை.

பூவோடு வந்தவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"ஏட்டி, திருப்பிக் குடுக்க வேண்டிய சாமான்லா அது? கடைக்காரன் இனி தொடுவானா?"

"படிக்குத சாமானுக்குப் பொட்டு வைக்காம இருக்க முடியுமா? இன்னொண்ண நீங்க பத்திரமா பூட்டி வச்சிருக்கிய. அது புதுசா அப்படியே இருக்கு. அத அனு கொண்டுட்டுப் போகட்டும்."

அனுராதா சிரிப்பை அடக்க முடியாமல் அடுக்களைக்குள் ஓடிவிட்டாள்.

மறுநாள் காலை பூஜையிலிருந்து எடுத்த கருவியோடு பிரம்மநாயகி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்த தில்லைநாயகம் எதிரே வந்து நின்றார்.

"இதுதான் வேணும்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

அவள் நிமிரவில்லை. பக்கம் திருப்பும் பொத்தானை அழுத்தினாள்.

"ரெண்டு தடவை சொன்னேன். ரெண்டு தடவையும் அண்ணாச்சிக்குக் காப்பி கொண்டான்னு சொன்னிய."