குடும்பச் சொத்து இல்லை இந்தக் கண் மருந்து

"கண்ணு காஞ்சு போயிருக்குங்கறீங்க. ஆனா தண்ணியா ஊத்துதேம்மா?" என்று கேட்டாள் தையற்காரி.

"காஞ்சதாலதான் உறுத்துது, உறுத்துறதாலதான் ஊத்துது," என்று சிரித்தாள் நர்ஸ். "புரை எடுத்த பிறகு சிலருக்கு இப்படித்தான். மெஷின்ல உக்காந்தா அடிக்கடி கண்ணைச் சிமிட்டுங்க. ஃபேன் மூஞ்சிக்கு நேரா வேணாம். இந்தச் சொட்டு மருந்து உங்களுக்கு மட்டும்தான். பாட்டில் முனை எதுலயும் படக் கூடாது."

அது மூன்று வாரத்துக்கு முந்தைய பேச்சு.

இன்று லேத் பட்டறையிலிருந்து வந்த கணவர் கைகூடக் கழுவவில்லை. கிரீஸ் விரலால் கீழ் இமையை இழுத்து, அவளுடைய மருந்துக் குப்பியை இமை மயிரில் இடித்தபடி இரண்டு சொட்டு விட்டுக்கொண்டார். பீளை ஒட்டிய முனையைச் சட்டையில் துடைத்தார்.

"அப்பாடா! ஐஸ் வச்ச மாதிரி இருக்குடி."

"எனக்கும் குடுங்கப்பா, ரெண்டு நாளா கண்ணு செவந்து கிடக்கு," என்று கை நீட்டினான் மகன். "குடும்பச் சொத்துல பங்கு வேணும்ல?"

இருவரும் சிரித்தார்கள். அவள் குப்பியையே உற்றுப் பார்த்தாள். புரை இருந்தவரை இதெல்லாம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை. முனையில் மஞ்சளாய்ப் பொருக்கு, மூடி இடுக்கில் கறுப்பு அழுக்கு. இதையா கண்ணில் விட்டுக்கொண்டிருந்தோம்? அதுவும் பாதி கன்னத்தில் வழிய, தடவித் தடவி! காலையிலிருந்து கண் எரிந்தும் வாய் திறக்காத தன்மீதே அருவருப்பு வந்தது. இந்தக் கண் கெட்டால் ஊசியில் நூல் கோப்பது எப்படி?

"என்னடி, மறுபடி டேங்க் திறந்துடுச்சா?" என்றார் கணவர், அவள் கண்ணில் வழிந்த நீரைப் பார்த்து.

அவள் குப்பியைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் எறிந்தாள்.

"ஏய், இன்னும் பாதி இருக்குடி!"

"மருந்து பாதி, உங்க பீளை பாதி! ஒருத்தர் கண்ணு மருந்தை இன்னொருத்தர் தொடுறது பாசம் இல்லீங்க, அசிங்கம். சொந்தக்காரங்கன்னு கிருமி விட்டுடுமா? கிளம்புங்க, மூணு பேரும் இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

மகன் தலை குனிந்தான். கணவர் குழாயடிக்குப் போய், நகக்கண் வரை சோப்புப் போட்டுத் தேய்த்தார். அவர் திரும்பி வந்ததும், இத்தனை நாள் கேட்கத் தயங்கியதை அவள் கேட்டுவிட்டாள்.

"டாக்டர் புது மருந்து குடுத்தா, இதே மாதிரி கையைக் கழுவிட்டு, தினமும் நீங்களே என் கண்ணுல ஊத்துங்க. எனக்குத் தனியா விட்டுக்க வரலைங்க."