பாலையூற்றில் இரண்டாவது நடிகர் பிறந்த விதம்

உலக நாடக வரலாற்றைத் திருத்தி எழுதவேண்டிய தருணம் வந்துவிட்டது என்பதை, வாசகர்கள் எழுந்து நின்று கேட்கும்படி, இதனால் அறிவிக்கிறேன்.

(உட்காரலாம். சின்னக் கதைதான். தேத்தண்ணிக் கடையில் பாதி கேட்டேன்; மீதியை நானே கட்டினேன்.)

1

‘துறைமுகத்தின் மேல் சூரியன் இரத்தமாகச் சரிந்துகொண்டிருந்த அந்த மாலையில்...’

வேண்டாம். சூரியனுக்கு இந்தக் கதையில் வேலையில்லை.

2

பாலையூற்று ஊர்க்காரர், துறைமுகக் கிளாக்கர் இக்னேசியஸ், மாதா கோயில் பாடகர் குழுவில் பின்வரிசை. அவர் பாடுகிறார் என்பதைப் பக்கத்தில் நிற்பவர்களே வாயசைவைப் பார்த்துத்தான் நம்பினார்கள். அறுபத்தோராம் ஆண்டு ஒரு புத்தகத்தில் படித்தார்: ஆதியில் கிரேக்கருக்கு நடிகரே இல்லை, கூட்டமாகப் பாடி ஆடினார்கள். ஒருநாள் ஒருத்தன் கூட்டத்தைவிட்டு வெளியே வந்து தனியே பேசினான். நாடகம் பிறந்தது.

அந்த ஒருத்தன் யாரென்று இக்னேசியசுக்கு உடனே விளங்கிவிட்டது. இந்த வருடக் கோயில் திருவிழாவில் நாடகம் போட்டு, தன் குரலைத் தனியாக ஊர் கேட்கவேண்டும்.

3

ஒத்திகை. பாடகர் குழுதான் கிரேக்கக் கூட்டம். இக்னேசியஸ் முன்னால் வந்தார்.

“நான் இந்நகரின் அரசன்.”

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்,” என்றது குழு, மன்றாட்டில் ஒவ்வொரு புனிதர் பேருக்கும் சொல்லிப் பழகிய பதிலாக.

“இது மன்றாட்டுமாலை இல்லை. ‘வாழ்க’ எண்டு சொல்லுங்கோ.”

“ஒராள் தனிய நிண்டு சொன்னா நாங்கள் வேற என்னத்தைச் சொல்லுறது?” என்றார் குழுத்தலைவி மாகிரட் ரீச்சர். “வாய் தன்ர பாட்டில போகுது.”

“என் நாட்டைக் கொள்ளைநோய் தின்கிறது.”

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.”

(அடிக்குறிப்பு: கிரேக்கரும் நாடகத்தைத் தெய்வத் திருவிழாவில்தான் வளர்த்தார்கள். எந்தத் தெய்வம் என்று ரீச்சர் கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று, அது வைன் தெய்வம்.)

4

திருவிழாவன்று இக்னேசியஸ் மைக்கின் முன் நின்றார்; சனமும் குழுவோடு சேர்ந்துகொண்டது. அரசன் சாகப்போகிறேன் என்றதும் குழு முழந்தாளிட, அதைப் பார்த்து எல்லாரும் முழந்தாளிட்டார்கள். கத்தியை ஓங்கியாயிற்று, தடுக்க ஆளில்லை. குத்திக்கொண்டால் நாடகம் முடிந்துவிடும்; வசனமோ பாதி பாக்கி.

இரண்டாவது நடிகரைக் கண்டுபிடிக்கக் கிரேக்கருக்குப் பல வருடங்கள் பிடித்தன. பாலையூற்றில் மாகிரட் ரீச்சர் வரிசையைவிட்டு வெளியே வந்தார்.

“காணும், இறங்கும். சுருவம் தூக்கி ஊர்வலம் வெளிக்கிட நேரமாச்சு.”

“ஏலாது. நான் கதைச்சு முடியேல்ல.”

“இவ்வளவு காலமும் பின்னுக்குப் பேசாமத்தானே நிண்டனீர்?”

“அதுதான் ரீச்சர், இப்ப கதைக்கிறன்.”

உரையாடல் பிறந்துவிட்டது. சனம் வேண்டிக்கொள்ள மறந்து பார்த்துக்கொண்டிருந்தது.

5

முடிவு (அ): அரசன் பேசி முடித்து, ஊர் அழ, சாகிறான்.

(ஆ): ரீச்சர் கத்தியைப் பறித்துத் தானே அரசியாகிறார்.

(இ): மூன்றாவது நடிகராகக் கோயில் சுவாமியார் மேடையேறி, இருவரையும்...

விரும்பியதை எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும், மைக் தொடக்கத்திலிருந்தே வேலை செய்யவில்லை; ஊர் பார்த்தது இக்னேசியசின் வாயசைவை மட்டுந்தான்.