தாய்மாமன் ஜாமீன்

ஜோதிமணி வீட்டுக்குப் போவாளா, மதுரைச் சிறுவர் இல்லத்துக்கே திரும்புவாளா என்பது அன்று தெரிந்துவிடும். பதினான்கு வயதுப் பிள்ளை. நிலக்கோட்டையில் பூ கட்டப் போன வீட்டில் கொலுசு காணாமல் போக, பழி இவள் தலையில் விழுந்தது. இல்லத்தில் சரியாகச் சாப்பிடுவதில்லை, ராத்திரி முழுக்க அழுகிறாள் என்று கேள்விப்பட்டேன். வழக்கு நடக்கிறபடி நடக்கட்டும், அதுவரை பிள்ளை வீட்டில் இருக்கட்டும் என்று மனுப் போட்டிருந்தேன். பொறுப்பேற்க ஒரு ஆள் வரவேண்டும், அவ்வளவுதான்.

"நீங்களே வந்து நில்லுங்க" என்று அவள் அம்மா கருப்பம்மாளிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே!

"தம்பி இருக்கையில நான் எப்படி முன்னாடி நிக்கிறது, வக்கீலம்மா? காது குத்துனதே அவன் மடியில வச்சுத்தான். அவனே நிக்கட்டும்."

புருஷன் செத்ததிலிருந்து தாயும் மகளும் தம்பி வீரப்பன் வீட்டில்தான் இருந்தார்கள். காது குத்துக்கு மாமன், சடங்குக்கு மாமன், கோர்ட்டுக்கும் மாமன். சோறு போடுகிறவர்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

திண்டுக்கல்லில் சிறுவர் கோர்ட் ஒரு சின்ன அறையில் நடந்தது. சிறுவர்களுக்கென்று புதுச் சட்டம் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாஜிஸ்திரேட்டுக்குப் பக்கத்தில் சமூக சேவகி குர்ஷித் பேகம் உட்கார்ந்திருந்தார். வீரப்பன் சலவை வேட்டியும் சந்தனப் பொட்டுமாக வந்து நின்றார். கருப்பம்மாள் வாசலோடு நின்றுகொண்டாள்.

"பாப்பாவுக்கு நீங்க என்ன வேணும்?" என்று பேகம் கேட்டார்.

"தாய்மாமனுங்கம்மா." அதோடு நிறுத்தியிருக்கலாம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "கட்டிக்கப் போறவனும் நாந்தான். வர்ற தையில கல்யாணம். அப்புறம் வேலைக்கும் போகாது, களவுப் பேச்சும் வராது. எம் பொறுப்பு."

இதைவிட உறுதியான ஜாமீன் உலகத்திலேயே கிடையாது என்று நினைத்துச் சொன்னார் மனிதர்.

"பதினாலு வயசுப் பிள்ளைக்கா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"எங்கக்காவக் கட்டிக் குடுக்கையில பதிமூணுதாங்கய்யா."

ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றிருந்தது எனக்கு. மாஜிஸ்திரேட் பேனாவை மூடிவிட்டார். "இவர்கிட்ட ஒப்படைக்க முடியாது. வேற யாரும் இல்லேன்னா பிள்ளை மதுரைக்கே போகட்டும்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜோதிமணி என்னைப் பார்த்தாள். நான் பதறிப்போய், "அம்மா இருக்காங்கய்யா, வாசல்லயே நிக்கிறாங்க" என்றேன்.

கருப்பம்மாள் சுவரோடு ஒட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். மாஜிஸ்திரேட் அவளுக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னார். "பதினெட்டு முடியிற வரைக்கும் கல்யாணம் பண்ணக் கூடாது. இவர் வீட்டுலயும் பிள்ளைய வச்சிருக்கக் கூடாது. எழுதிக் குடுப்பீங்களா?"

அவள் தம்பியைப் பார்த்தாள்.

"யோசிச்சுப் பேசுக்கா," என்றார் வீரப்பன். "கைநாட்டு வச்சிட்டு நம்ம வாசப்படி மிதிக்க முடியாது. சொல்லிப்புட்டேன்."

மாட்டேன் என்று சொல்லிவிடுவாள் என்றே பயந்தேன். அவளுக்கு இருக்கிற பிறந்த வீடு அது ஒன்றுதான்.

"எங்க தங்குவீங்க?" என்று பேகம் கேட்டார்.

"பூக்கடை சுந்தரம்மாள் வீட்டுக்குப் பின்னால ஒரு கொட்டகை சும்மா கெடக்கும்மா. கேட்டா குடுக்கும்." பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். "நாளைக்கு நான் செத்தா பொறந்த வீட்டுக் கோடித்துணின்னு ஒண்ணு நீ எம் மேல போட வேணாம் அப்பு. கோடி இல்லாமலே போறேன். எம் பிள்ள எங்கூட இருக்கட்டும்."

வீரப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். அவர் தலை மறைகிற வரைக்கும் கருப்பம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். அதற்குப் பிறகுதான் மைப்பெட்டியில் விரலை வைத்தாள்.