பிறந்த நேரம் தெரியாதவர்களுக்கு

செம்பாக்கத்து நிலத்தை மனை மனையாக விற்று முடித்த முனிரத்தினம், அடுத்து என்ன செய்யலாம் என்று யோசித்தார். ஜோசியமும் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று தோன்றியது. இப்படித்தான் தொண்ணூற்றொன்றில் மேற்குத் தாம்பரத்தில் கம்ப்யூட்டர் ஜோதிட நிலையம் உதயமாயிற்று. பெட்டிக்கு ஏ.சி. போட்டார். வந்தவர்களைச் செருப்பை வெளியே விடச் சொன்னார்.

புரோகிராம் எழுதியவன் சுந்தர்சிங். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன் என்பதால் ஜாதகத்தில் அவனுக்கு எந்தப் பாரபட்சமும் இல்லை.

"சார், ஒவ்வொரு விவரத்துக்கும் முதல்ல ஒரு வேரியபிள் ஒதுக்கணும். பேர் எழுதின டப்பா மாதிரி. தேதிக்கு ஒண்ணு, மணிக்கு ஒண்ணு. உள்ளே நாம எதுவும் போடலைன்னா அதுவே ஜீரோ போட்டுக்கும்."

"ஜீரோன்னா இன்னா மணி?"

"ராத்திரி பன்னெண்டு."

"காசு குடுத்துட்டு வர்றவன நட்ட நடு ராத்திரில பொறக்க வெப்பியா? நல்ல நேரமா போடு."

"அதைத்தான் சார் டிஃபால்ட்னு சொல்றது. எந்த நேரம்னு நீங்களே சொல்லுங்க."

முனிரத்தினம் அதிகம் யோசிக்கவில்லை. "என் நேரத்தப் போடு. நான் நல்லாத்தான கீறேன்?"

"தேதி தெரியாதவங்களுக்கு?"

"என் தேதி."

"வருஷம்?"

"யோவ், ஒண்ணொண்ணா கேட்டுகினு! எல்லாம் என்னுதையே போடு."

சுந்தர்சிங் போட்டான்.

சுற்றுவட்டாரத்து ஜனங்களிடம் பிறந்த தேதி கேட்டால், "ஆடி மாசம், கூழு ஊத்தின மறாநாளு, தூறல் போட்டுகினு இருந்துச்சு" என்பார்கள். அதைத் தட்டச்சு செய்ய அந்தப் பெட்டியில் இடமில்லை. சுந்தர்சிங் என்டர் கீயை வரிசையாகத் தட்டுவான். மிஷின் கரகரவென்று முனிரத்தினத்தின் ஜாதகத்தை அடித்துக் கொடுக்கும். தேதியைப் போட்டால் வாடிக்கையாளர்கள் வாதம் செய்கிறார்கள் என்று அதை அச்சிடாமல் விட்டிருந்தார்கள். கண்பட்டுவிடும் என்று யாரும் ஜாதகத்தைப் பக்கத்து வீட்டுக்குக் காட்டுவதில்லை. ஆகவே வண்டலூர் வரைக்கும் ஆண், பெண், கைக்குழந்தை எல்லாரும் முனிரத்தினமாக நிம்மதியாக வாழ்ந்துவந்தார்கள்.

இந்த நிலையில்தான் அவர் மகள் ஜெயக்கொடியைப் பெண் பார்க்க வண்டலூரிலிருந்து கங்கையம்மாள் மகனோடு வந்தாள். பையன் குப்புராஜுக்கு மறைமலை நகர் கம்பெனியில் நிரந்தர வேலை. சொந்த வீடு. முன்பு வந்த இடங்கள் கைநழுவிப் போயிருந்தன. இந்தப் பையனைக் கதவிடுக்கில் பார்த்த ஜெயக்கொடி, கேட்காமலே அம்மாவிடம் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

"ஜாதகம் எங்கயோ போட்டதில்லண்ணே, உங்க மிஷின்லயே போட்டது" என்று கங்கையம்மாள் தாளை நீட்டினாள்.

தம் கட்டத்தை முனிரத்தினம் தூக்கத்திலும் அடையாளம் காண்பார். இப்போது விழித்திருந்தார். தாளை மடித்தார்.

"குடு நைனா, நான் படிக்கிறேன்" என்று ஜெயக்கொடி ஆவலாக வாங்கிக்கொண்டாள். "ராஜயோக ஜாதகம்."

தலையாட்டினார். சொந்தப் பலனில் இதற்கு மேல் அவர் படித்ததில்லை.

"பேச்சில் வல்லவர். பிறர் பேசினால் கேளார்."

"என் புள்ளயா?" என்றாள் கங்கையம்மாள். "பல்லு வலிச்சாக்கூட வாயத் தொறக்க மாட்டானே!"

"பூர்விக நிலம் இவர் கையால் கைமாறும். உண்ணும்போதெல்லாம் குறை கூறுவார். செய்யாத வேலைக்கும் பெருமை கொள்வார்." ஜெயக்கொடியின் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"பெரிய மனுஷன்னா அப்டித்தான்" என்றார் முனிரத்தினம், கொஞ்சம் சூடாக.

அவர் மனைவி செல்லியம்மாள் பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்தாள். "தப்பா நெனைக்காதீங்கக்கா. இந்தக் கட்டத்துக்கு என் பொண்ணக் குடுக்க மாட்டேன்."

"இன்னாடி சொல்ற?" என்றார் முனிரத்தினம்.

"இப்டி ஒரு ஆளோட குடும்பம் நடத்துறது இன்னான்னு எனக்குத் தெரியும். நான் பட்டது போதும்."

கங்கையம்மாள் முகம் சுருங்கி எழுந்தாள். குப்புராஜும் கையிலிருந்த பஜ்ஜியோடு எழுந்தான். ஜெயக்கொடி தாளைப் பார்த்தபடியே நின்றாள். அதன்மேல் கண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. ஜாதகம் தப்பு என்றால் நிலையத்தை மூட வேண்டும். சரி என்றால் இந்தப் பெண் இப்படியே நிற்பாள். முனிரத்தினம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உக்காரும்மா. அது உன் புள்ள ஜாதகமில்ல. என்னுது."

வேரியபிள், டப்பா, டிஃபால்ட் எல்லாவற்றையும் விளக்கினார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சுருக்கமாகப் பேசியது அன்றுதான்.

"அதான பாத்தேன்" என்றாள் செல்லியம்மாள்.

"எங்க தெருவுல நாலு பேரு வாங்கியாந்தாங்களே?" என்றாள் கங்கையம்மாள்.

"அதுவும் என்னுதுதாம்மா."

"என் தங்கச்சி பொண்ணுக்கு?"

முனிரத்தினம் சுவரைப் பார்த்தார்.

"அப்ப என் புள்ளைக்கு ஜாதகமே இல்லியா?"

"இல்லாட்டி இன்னாம்மா?" என்றது ஒரு குரல். எல்லாரும் திரும்பினார்கள். குப்புராஜ்தான். "எனக்கு இந்தப் பொண்ணத்தான் கட்டணும்."

"வாயத் தொறந்துட்டான்!" என்று கங்கையம்மாள் மறுபடி உட்கார்ந்தாள். செல்லியம்மாள் பஜ்ஜித் தட்டை அவள் பக்கம் தள்ளினாள். ஜெயக்கொடி காபி போடுவதாகச் சொல்லி உள்ளே ஓடினாள்.

கல்யாணத்துக்கு நாள் குறிப்பது பற்றி சம்பந்தியம்மாக்கள் இருவரும் வெகுநேரம் பேசினார்கள். முனிரத்தினத்திடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் ஏரிக்கரைக் கோயில் ஐயரைப் பஞ்சாங்கத்தோடு கையோடு அழைத்துவரச் சொல்லி ஆள் போயிற்று.