கலிங்கு மேல் எத்தனை வரிசை

செங்காட்டு அணையின் கலிங்கை அகலப்படுத்த அரசாங்கம் பணம் தரப்போகிறது என்றதும் பாசன சபைத் தலைவர் சுப்பண்ணன் பேச்சை மாற்றினார். வேறு எந்தத் தலைவராக இருந்தாலும் பட்டாசு வெடித்திருப்பார். இவருக்கோ அந்தக் கலிங்கைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் மூன்று வருஷத்துக்கு முந்தைய ஐப்பசிதான் கண்முன் வந்து நிற்கும்.

அணை நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடுவதற்கான தாழ்ந்த சுவர்தான் கலிங்கு. கட்டியதே வழியத்தான். ஆனால் வழிகிற தண்ணீரைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க கொமரலிங்கத்துப் பக்கத்து விவசாயிக்கு மனசு வராது. வருஷா வருஷம் அதன்மேல் மணல் மூட்டை அடுக்கி, இன்னும் அரை அடி ஒரு அடி தண்ணீரைப் பிடித்து வைப்பார்கள். தப்புத்தான். தப்பென்று தெரிந்தே செய்கிற தப்பு. அந்த வருஷம், 2005இல், மழை பலமாக இருக்கும், ஒருத்தரும் மூட்டை வைக்கக்கூடாது என்று சபையில் தீர்மானம் போட்டார் சுப்பண்ணன். அணையைக் காக்கும் லஸ்கர் ஒரு வாரம் லீவில் தாராபுரம் போன சமயமாகப் பார்த்து, பட்டப்பகலில் இரண்டு வரிசை அடுக்கியவரும் அவரேதான். மகன் சுரேந்தரின் பனியன் கம்பெனிச் சாக்குகளில் மணல் நிரப்பி, முளையடித்து, கெட்டியாக அடுக்கிவிட்டுப் பேரனைப் பார்க்கத் திருப்பூருக்குப் பஸ் ஏறினார். நான்காம் நாள் கரை உடைந்தது, மூட்டைகளும் வெள்ளத்தோடு போயின.

உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் சீனிச்சாமியின் மூன்று ஏக்கர் மஞ்சள் மண்மூடிப் போயிற்று. சீனிச்சாமி, மனைவி வள்ளியாத்தாளின் அண்ணன். கல்யாணத்தில் சுப்பண்ணனுக்குக் கிடைத்த பெரிய லாபமே இந்த மச்சான்தான் என்று ஊரே கேலி பேசும். சந்தையோ சாவு வீடோ, இருவரும் ஒரே மொபெட்டில்தான் போவார்கள். கரை உடைந்த பிறகு சீனிச்சாமி வாசல் மிதிக்கவில்லை. எதிரில் கண்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டார். மச்சானுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று சுப்பண்ணன் தானாகவே முடிவுகட்டிக்கொண்டார். போய்க் கேட்க நாக்கு எழவில்லை.

ஆவணியில் சபைக் கூட்டம் நடந்தது. பொதுப்பணித் துறை உதவிப் பொறியாளர் விஜயராணி வரைபடத்தை மேசைமேல் விரித்து வைத்திருந்தாள். தெற்கத்திப் பெண். அம்மாவும் அப்பாவும் பிழைக்க வந்து திருப்பூர் நல்லூரில் பனியன் தைக்கிறவர்கள்.

"கரைமேல இருக்க கோயில் செவுத்துல வெள்ளத் தடம் கலிங்குக்கு மேல அஞ்சரை அடி இருக்கு. அவ்வளவு தண்ணி வரும்னா கலிங்கை மூணு மடங்கு அகலமாக்கணும். ரெண்டு கோடிக்கு மேல ஆயிரும். ஒரு அணைக்கு ஒரு கோடிதான் உச்சவரம்பு. திங்கக்கிழமை பட்டியல் போகுது, நம்ம அணை அதுல இருக்காது" என்றாள்.

பிறகு வரைபடத்தில் கலிங்கின்மேல் விரலை வைத்தாள்.

"ஆனா அந்த அளவுக்கு அன்னைக்கு மழை பெய்யல. அதான் எனக்குப் பிடிபடல. கலிங்கு மேல ஏதும் அடைப்பு இருந்துச்சா? இருந்துச்சுன்னா வந்த வெள்ளம் சின்னதுன்னு ஆயிரும். செலவு பாதிக்கும் கீழ வந்துரும். ஆனா எழுத்துல வேணும், கையெழுத்தோட."

சுப்பண்ணன் கடைசி வரிசையைப் பார்த்தார். சீனிச்சாமி தலை குனிந்து துண்டு நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டால் ஒட்டுப்போட்ட கரையோடு இன்னொரு ஐப்பசி. வாயைத் திறந்தால் மச்சான் ஜென்மத்துக்கும் இல்லை. அந்த மனுஷனில்லாத மூன்று வருஷமே முப்பது வருஷமாகத்தான் போயிருந்தது. இருந்தாலும் எழுந்தார்.

"மூட்டை இருந்துச்சுங்க அம்முணி. ரெண்டு வரிசை. நாந்தானுங்க அடுக்குனேன்."

விஜயராணி தாளில் கணக்குப் போட்டாள். "ஒரு அடிதான் குறையுது. பத்தாதுங்க ஐயா."

இவ்வளவு அவமானப்பட்டும் பத்தாது என்றால் மனுஷன் என்ன செய்வார்? அப்போது கரும்புக்காட்டுச் சுப்பையன் தொண்டையைச் செருமினார்.

"அதுக்கு மேல ரெண்டு என்னுதுங்க. அடுத்த நா வெச்சேன். கீழ ஆரோ வெச்சிருக்கறாங்க, நாம வெச்சா என்னன்னு தோணுச்சு."

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க" என்றாள் பழனாயி. அவளுக்கு இருப்பதே முக்கால் ஏக்கர்.

சுப்பண்ணன் வாய் பிளந்து நின்றார். தலைவர் போட்ட தீர்மானத்தைத் தலைவரைப் போலவே ஊரும் மதித்திருந்தது. விஜயராணி பேனாவைக் கீழே வைக்காமல் காத்திருந்தாள்.

கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது.

"மேல் ரெண்டும் என்னுதுங்க" என்றார் சீனிச்சாமி. பிறகு சுப்பண்ணனைப் பார்த்தார். "நாலாம் நா காலையில வெச்சனுங்க மாப்ள. மத்தியானம் கரை போயிருச்சு. உங்க கரும்பு அஞ்சு ஏக்கராவும் என்னாலதானுங்களே போச்சு. எந்த மூஞ்சிய வெச்சுட்டு உங்க ஊட்டுக்கு வர்றது?"

தன் கரும்பும்தான் போனது என்பது சுப்பண்ணனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நடுவில் கிடந்த நாற்காலிகளை விலக்கிக்கொண்டு போய் மச்சானின் கையைப் பிடித்தார். இரண்டு கிழவர்களும் அத்தனை பேர் முன்னால் அழுதார்கள்.

"ஏழு வரிசை, மூணரை அடி. வந்த வெள்ளம் ரெண்டடிதான். ஒரு கோடிக்குள்ள அடங்கிரும்" என்றாள் விஜயராணி. இனி மூட்டை வைப்பதில்லை என்று ஒரு வரியும் சேர்த்து எழுதி, தீர்மானப் புத்தகத்தைச் சுற்றில் விட்டாள்.

கையெழுத்துகள் வரிசையாக விழுந்தன. இரண்டு ஏக்கர் தன் பேரில் இருந்ததால் வள்ளியாத்தாளும் உறுப்பினர். புத்தகம் கடைசியாக அவளிடம் வந்தது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு புருஷனையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் மூட்டை வெச்சீங்க. வாயத் தொறக்காம மூணு வருஷம் ஓட்டிட்டீங்க. மூணு பொங்கலுக்கு எனக்குப் பொறந்த ஊடு இல்லாம போச்சு. அதை எந்தக் கணக்குலீங்க எழுதறது?"

சீனிச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் மொபெட்டைக் கிளப்பித் தங்கையைக் கூப்பிட்டார்.

"அம்முணி, வா, போலாம்."

வள்ளியாத்தாள் கையெழுத்துப் போட்டாள். புடவைகூட மாற்றாமல், வீட்டுச் சாவியைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு, அண்ணன் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.